செத்த சுட்டிகளும் நம் சங்கமும்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கடலூரில் இயங்கும் நம் சங்கத்தின் இந்த ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் நான் தலையிடவில்லை.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழர்கள் கட்டிய, இன்று சுட்டியைத் தட்டினால் திறக்காத சொந்த இணையப் பக்கங்களைத்தான் நாம் தேடுகிறோம். கவிதை, ரசிகர் பக்கம், திறந்ததுமே பாடத் தொடங்கும் மிடி இசை. இவற்றில் பல, யாரும் இலவசமாகப் பக்கம் கட்டிக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸ் தளத்தில் இருந்தவை. யாஹூ அதை 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. அதற்குள், மூடப்படும் தளங்களைப் படியெடுத்து வைக்கும் ஆர்க்கைவ் டீம் தன்னார்வலர்களும் இணைய ஆவணக் காப்பகமும் முடிந்தவரை அள்ளி வைத்தார்கள். ஆக, தொலைந்தது பல நேரம் பக்கமல்ல, அதன் முகவரி. பழைய பக்கங்களைக் காட்டும் அந்தக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் ஒரு கவிதை வரியைக் கொடுத்தால் பக்கம் வராது. முகவரியைக் கொடுக்க வேண்டும். பழைய ஜியோசிட்டீஸ் முகவரியில் பேட்டைப் பெயரும் கதவு எண்ணும் இருக்கும். இலக்கியம் என்றால் ஏதென்ஸ், சினிமா என்றால் ஹாலிவுட். "ஏதென்ஸ்னு ஞாபகம் இருக்கு சார், நம்பர்தான் மறந்துபோச்சு" என்பவர்களிடம் என்ன சொல்வது?

இங்கேதான் மஞ்சக்குப்பத்தில் மூடப்பட்ட ஒரு பிரவுசிங் சென்டரின் ஹார்ட் டிஸ்க் கை கொடுத்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் 'ஃபேவரிட்ஸ்' ஃபோல்டரில் வாடிக்கையாளர்கள் சேமித்த சுட்டிகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குட்டிக் கோப்பாக, முழு முகவரியோடு கிடந்தன. 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் அந்தப் பெட்டி பரண் மேல் இருந்தே கடந்திருக்கிறது. பரணுக்கு நன்றி.

பக்கம் கிடைத்தாலும் படிக்க முடிவதில்லை. யூனிகோடுக்கு முன் புழங்கிய திஸ்கி (TSCII) எழுத்துருவில் எழுதிய 'தமிழ்' இன்றைய உலாவியில் முக்கால் பின்னக் குறியில் தொடங்கி, நடுவில் அமெரிக்கச் சென்ட் குறியோடு நிற்கும். பார்த்ததும் "கரப்ட் ஆயிடுச்சு" என்று அழித்துவிடாதீர்கள். எழுத்துரு மாற்றியில் போட்டால் யூனிகோடில் சுத்தமாக வந்துவிடும். ஃபிளாஷில் செய்த அசையும் வாழ்த்து அட்டைகளுக்கு, பழைய ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டும் ரஃபிள் என்ற மென்பொருள் இருக்கிறது. சில ஓடுகின்றன, சில ஓடவில்லை. வருகை எண்ணிகளை விட்டுவிட்டோம். அவை வேறு வழங்கியில் ஓடியவை, மீட்க வழியில்லை.

ஒரு விஷயத்தில் செயற்குழுவில் காரசாரமான விவாதம் நடந்தது. அன்று பலர் வீட்டு முகவரி, போன் நம்பரோடு காதல் கவிதையும் போட்டு வைத்திருந்தார்கள். இன்று அவர்கள் ஐம்பதைத் தொட்டவர்கள், பிள்ளைகள் கல்லூரியில். எழுதியவர் சம்மதிக்காமல் எதையும் வெளியே காட்டுவதில்லை என்று முடிவானது. என் வாக்கும் அதற்கே. இப்படிச் செய்தால் தேடல் குறைந்துபோகும் என்ற எதிர்ப்பும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

வரும் ஆண்டில் திருப்பாதிரிப்புலியூர், ஓ.டி. (ஓல்ட் டவுன்) பக்கம் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களைப் பார்க்கப் போகிறோம். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது ஹார்ட் டிஸ்க், ஃபிளாப்பி, சிடி எதையும் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் ஒரு போன் செய்யுங்கள். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

செயலாளர்,
கடலூர்.