1973-ஓடு முடியாத கதை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மீண்டும் காலை நடைக்குப் போகத் தொடங்கியது நிம்மதி தந்தது. ஆனால் கடைசிப் பத்தியில், நம் டீப் பர்ப்பிள் ராக் இசைக்குழு 1973-ஓடு முடிந்துவிட்டது, பிறகு வந்ததெல்லாம் பெயரை வைத்துப் பிழைப்பு நடத்துவதுதான் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருக்கிறாயே, அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர்களின் 'மெஷின் ஹெட்' இசைத்தட்டை நான் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ நகரில் அவர்கள் ஒலிப்பதிவு செய்யவிருந்த கேசினோ, ஃபிராங்க் ஜாப்பா என்ற இசைக்கலைஞரின் கச்சேரியின்போது தீப்பிடித்து எரிந்துபோக, கடைசியில் ஆளில்லாமல் மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைக்கூடத்தில் மெத்தைகளை அடுக்கி ஒலியைத் தடுத்து வாசித்தார்கள். ஒலிப்பதிவு வண்டி வெளியே நின்றது. வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமானால் அறை அறையாகப் புகுந்து, பால்கனிகளைக் கடந்து போக வேண்டும் என்பதால், போய்க் கேட்பதையே விட்டுவிட்டு, சரியாக வந்துவிட்டதென்று தங்களுக்குத் தோன்றும்வரை வாசித்தார்கள். அந்தத் தட்டின் வேகத்துக்கு இந்த அவசரமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இன்னொன்று, எல்பி தட்டில் இடம் குறைவு என்ற கட்டுப்பாடு: மொத்தம் ஏழே பாட்டு, 38 நிமிடம்கூட இல்லை. 2003-இல் வந்த 'பனானாஸ்', 2005-இல் வந்த 'ராப்ச்சர் ஆஃப் த டீப்' ஆகியவற்றைக் கேட்கும்போதெல்லாம், குறுந்தகட்டில் இடம் இருந்ததால்தானே இத்தனை பாட்டுகள் என்று தோன்றும். அந்த இரண்டுக்காகவும் நான் உன்னோடு வாதாட வரமாட்டேன்.

ஆனால் உன் பொற்காலத்தின் கடைசித் தட்டு எது? 1973-இன் 'ஹூ டூ வீ திங்க் வீ ஆர்'. 'மெஷின் ஹெட்' வாசித்த அதே ஐந்து பேர்தான். பாடகர் கில்லனுக்கும் கிதார் வாசித்த பிளாக்மோருக்கும் ஒத்துப்போகாத காலம். 'வுமன் ஃப்ரம் டோக்கியோ'வைத் தவிர்த்து அதிலிருந்து இன்னொரு பாட்டை உன்னால் முணுமுணுக்க முடியுமா? நாம் கல்லூரி விடுதியில் தேயத் தேயக் கேட்ட கேசட் என்பதால் அதற்கு நீ கருணை காட்டுகிறாய். அதைவிட, பாப் எஸ்ரின் தயாரிப்பில் 2013-இல் வந்த 'நவ் வாட்' மேலானது என்பேன். குழுவில் ஆர்கன் வாசித்த ஜான் லார்ட் 2012 ஜூலையில் மறைந்தார். அவருக்குக் காணிக்கையாக்கிய அந்தத் தொகுப்பில் 'அபவ் அண்ட் பியாண்ட்' என்ற பாட்டை இரவில் தனியாகக் கேட்டுப் பார். பழைய 'சைல்டு இன் டைம்' பாட்டின் அலறல் இனி கில்லனுக்கு எட்டாது. அவரும் பல ஆண்டுகளாக மேடையில் அதைப் பாடுவதில்லை. இப்போது அவர் நடுக்குரலில், கதை சொல்பவரைப் போல, கொஞ்சம் குறும்போடு பாடுகிறார். அந்தக் குரலுக்கேற்ற பாட்டுகளை எழுதிக்கொண்டார்களே, அதுவே பெரிய விவேகம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக உறுமிய லார்டின் ஹாமண்ட் ஆர்கனும் பிளாக்மோரின் கிதாரும் எதிரெதிரே நின்று சண்டை போட்டன. பின்னாளில் கிதாருக்கு வந்து 2022-இல் விலகிய ஸ்டீவ் மோர்ஸும், ஆர்கனுக்கு வந்த டான் ஏரியும் கைதேர்ந்தவர்கள்தான். ஆனால் கைகோத்து ஓடினார்களே தவிர மோதிக்கொண்டதில்லை. அந்த மோதல் போனது போனதுதான்.

ஒரு வேலை வைக்கிறேன். 1968-இல் வந்த முதல் தொகுப்பின் முதல் உருப்படியான 'ஆண்ட் தி அட்ரஸ்' என்ற வாத்திய இசையை 2020-இன் 'வூஷ்' தொகுப்பில் மீண்டும் வாசித்திருக்கிறார்கள். இரண்டிலும் இருப்பவர் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ் ஒருவரே. மகனை விட்டு இரண்டையும் முன்பின்னாக மாற்றிப் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு டிரம்ஸை மட்டும் கவனித்து, எது கிழவன் வாசித்தது என்று எனக்கு எழுது. ஒலிப்பதிவின் தரத்தை வைத்துக் கண்டுபிடித்தால் ஆட்டம் செல்லாது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்