முலாஞ்சே மலையடிவாரத்தில் ஒரு குவளை வெந்நீர்

கர்த்தருக்குள் அன்பான ஏற்காடு சபையாருக்கும், எனக்காக உபவாசமிருந்த சேலம் ஜெபக்குழுவினருக்கும், ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் என்னைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக வைத்துக் காத்த முலாஞ்சே சபை மக்களுக்கும் ஸ்தோத்திரம்.

நான் வீடு வந்து சேர்ந்து ஐந்து நாட்களாகின்றன. மலாவியில் காய்ச்சலில் விழுந்து நான் பிழைத்தெழுந்த அந்த மூன்று வாரங்களில் நடந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். கையில் நடுக்கம் இன்னும் இருக்கும்போதே நன்றியை எழுதிவிட வேண்டும் என்று மனம் துடிக்கிறது.

காய்ச்சல் விட்ட முதல் நாள் மாலை என்னைச் சாப்பிட அழைத்தவர், 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயலின்போது மலையிலிருந்து உருண்டு வந்த பாறைக்கும் சேற்றுக்கும் வீட்டைப் பறிகொடுத்து, இன்றுவரை புல்வேய்ந்த குடிசையில் இருக்கும் ஒரு மூதாட்டி. பாட்டிமாரை அங்கே ‘அகோகோ’ என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். உணவுக்கு முன் விருந்தினரின் கைகளில் வீட்டார் தண்ணீர் ஊற்றுவது அவர்கள் வழக்கம். அகோகோ தொலைவிலுள்ள அடிகுழாயிலிருந்து தலையில் சுமந்து வந்த நீரில் ஒரு குவளையை, எனக்குக் குளிருமே என்று, மூன்று கல் அடுப்பில் தனியாகச் சூடாக்கி, தம் விரலை விட்டுப் பதம் பார்த்து, முழங்காலிட்டு என் கைகளில் மெல்ல ஊற்றினார். நான் பதறி எழப் பார்த்தேன். மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். ஏற்காட்டுப் பனிக்காலத்தில், பள்ளிக்குப் புறப்படும் எனக்கு இப்படித்தான் விரல் விட்டுப் பார்த்து என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், வெந்நீர் ஊற்றுவார். அதே புகை வாசனை அந்த நீரிலும் இருந்தது.

செவிலியான நான் அங்கே போனதே காலரா வராமலிருக்கக் கைகழுவும் முறையைச் சொல்லிக்கொடுக்கத்தான். சொல்லிக்கொடுத்த என் கைகளை அவர் கழுவிவிட்டார். பிறகு வைத்த ‘ந்சிமா’வை, நம் ஊர்க் களியைப் போலிருக்கும் அந்த வெள்ளை மக்காச்சோள உணவை, பூசணி இலைக் கீரையோடு உண்டபோது, ஊழியத்துக்கென்று புறப்பட்ட நாள் முதல் நான் தேடிய மகிழ்ச்சி அழுகையாகவே வந்தது.

1827இல் சேலத்தில் பணியைத் தொடங்கிய லண்டன் மிஷனரி சங்கம்தான் பின்னாளில் டேவிட் லிவிங்ஸ்டன் என்ற மிஷனரியையும் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. அந்த ஊழியர்கள் இங்கே எத்தனை வீடுகளில் உண்டார்கள், நோயில் விழுந்தபோது எத்தனை அம்மாயிகள் அவர்களுக்கு வெந்நீர் வைத்தார்கள் என்று நம்மில் யாரும் எழுதி வைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

மருத்துவமனைக்கு என்னைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன இளைஞர்கள், இரவெல்லாம் விழித்திருந்த சக செவிலியர், பயணச்சீட்டுக்குப் பணம் திரட்டிய வாலிபர் சங்கத்தார், என் தாயைத் தனியே விடாத ஆயர் அம்மா, உங்கள் ஒவ்வொருவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் இந்த ஆண்டின் முதல் பறிப்பில் வரும் காப்பிப் பழத்தின் பணம் முழுவதும் அகோகோவின் கூரைக்குத் தகரம் வாங்கப் போகும் என்று ஆண்டவர் முன் பொருத்தனை செய்திருக்கிறேன். இந்த மடலை அங்குள்ள ஊழியர் அவருக்குச் சிச்சேவா மொழியில் வாசித்துக் காட்டுவார். ஸிகோமோ (நன்றி), அகோகோ. அடுத்த முறை வரும்போது குடத்தை நான் சுமக்கிறேன்.