ஆண்டறிக்கை: தலைப்பாகையைத் தேடி ஒரு வருடம்

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வீட்டில் கேட்டால் "பழசுதான், புதுசா ஒண்ணும் வாங்கல" என்று சொல்லிச் சமாளிக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான நம் பட்டாளப் பொம்மைச் சங்கத்தின் நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் எப்போதும்போல இரண்டாம் ஞாயிறு மாலை, தங்கசாலைக்குப் பக்கத்தில் உள்ள டியூஷன் சென்டர் மாடியில் நடந்தன. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையில் போனது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் வியாசர்பாடிப் பக்கத்து உறுப்பினர்கள் எப்படி வருவார்கள்? புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பிள்ளைகள். வந்த புதிதில் எல்லோரும் டாங்கியும் ஜீப்பும்தான் கேட்கிறார்கள். இருக்கட்டும், மெதுவாகச் சிப்பாய்க்கு வருவார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனி வேலூர்.

1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய் எழுச்சியை 54 மில்லிமீட்டர் உயரப் பொம்மைகளில் காட்சியாக அமைப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். அப்போது ஓர் உறுப்பினர் எழுந்து, "பொம்மையின் சட்டையில் பட்டன் எத்தனை என்று எண்ணிக்கொண்டு இருக்கிறோமே, இதெல்லாம் யாருக்கு வேண்டும்?" என்று கேட்டார். அன்றைக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன். வேலூரில் சண்டை மூண்டதே உடுப்பால்தான்.

1805 நவம்பரில் மதராஸ் ராணுவத் தலைமை சிப்பாய்களுக்குப் புது மாதிரித் தலைப்பாகை ஒன்றை உத்தரவிட்டது. அப்போது தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக், கவர்னர் வில்லியம் பென்டிங்க். அந்தத் தலைப்பாகை தொப்பியின் சாயலில் இருந்தது, அதில் தோலால் ஆன குஞ்சம் வேறு. இது போதாதென்று, உடுப்பில் இருக்கும்போது நெற்றியில் சாதி அடையாளம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசைகூட எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று விதிகள். இந்துவுக்கும் மனம் புண்பட்டது, முஸ்லிமுக்கும் புண்பட்டது. மே மாதமே வேலூரில் சிலர் தலைப்பாகையை மறுத்தார்கள். அவர்களைச் சென்னைக் கோட்டைக்குக் கொண்டுவந்து விசாரித்து, ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்து வேலையை விட்டு நீக்கினார்கள். நாம் மாதாமாதம் உட்கார்ந்து டீ குடிக்கிற இடத்திலிருந்து அந்தக் கோட்டை ஷேர் ஆட்டோ தூரம்தான்.

திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் வைத்திருந்தது உட்பட வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பற்றவைத்தது தலைப்பாகை. அதைத் தப்பாகச் செய்துவிட்டு "வேலூர் 1806" என்று போர்டு வைப்பது, கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மாற்றி அச்சடிப்பது மாதிரி.

ஆகவே தலைப்பாகையில் இறங்கினோம். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கும் உடுப்புகளையும் ஆயுதங்களையும் ஒரு குழு பார்த்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு இன்னொரு குழு போனது. ஆனாலும் வேலையை நகர்த்தியவர் எம்.சி. ரோட்டில் தையல் கடை வைத்திருக்கும் நம் மூத்த உறுப்பினர்தான். அச்சுப் படத்தில் மடிப்பு விழுந்திருப்பதைப் பார்த்தே இது சுற்றிக் கட்டிய துணியா, உள்ளே சட்டம் வைத்து இறுக்கியதா என்று சொல்லிவிடுகிறார். அவர் சொல்லச் சொல்ல எம்சீலில் பிடித்து, குண்டூசியால் மடிப்புக் கீறி, காயவைத்து, மறுபடியும் கீறி என்று வேலை நடந்தது. குஞ்சத்துக்கு நிஜத் தோலையே வைக்கலாமே என்று இளைஞர்கள் ஆசைப்பட்டார்கள். எவ்வளவு சீவினாலும் இந்த அளவுப் பொம்மைக்கு நிஜத் தோல் ரொம்பத் தடிமன். கடைசியில் மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகடு கைகொடுத்தது.

தலைப்பாகை ஒருவழியாகத் தயாரானதும் புதுச் சிக்கல் கிளம்பியது. விடிவதற்கு முன் எழுந்து சண்டைக்குப் போகிறவன், வெறுத்த தலைப்பாகையைத் தேடிப்பிடித்து மாட்டிக்கொண்டா போவான்? இதை எழுப்பியவர் கொருக்குப்பேட்டைத் தம்பி. காவலுக்கு நின்றவன் முழு உடுப்பில்தான் இருந்திருப்பான் என்று தையல்கார ஐயா வாதாடினார். இரண்டு கூட்டங்கள் இதிலேயே போயின. முடிவில், வாயிற்காவலில் நிற்கும் சிப்பாய்களுக்கு மட்டும் முழு உடுப்பு, மற்றவர்களுக்குத் தலையில் வெறும் துணிக்கட்டு என்று ஏற்றுக்கொண்டோம். பழைய தலைப்பாகையும் புதிய தலைப்பாகையும் பக்கத்தில் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் தனியாக இருக்கும். நெற்றியில் நாமமும் திருநீறும், காதில் கடுக்கனும் எழுச்சிக்காரர்களில் இந்துக்கள் எல்லோருக்கும் உண்டு. அதைத்தானே பறிக்கப் பார்த்தார்கள்.

இடுப்புக்குக் கீழே இவ்வளவு தகராறு இல்லை. 18ஆம் நூற்றாண்டு மதராஸ் சிப்பாய்க்கு மேலே கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவப்புக் கோட்டு, கீழே தொடை வரைக்கும் ஒரு ஜாங்கியா, அப்புறம் வெறுங்கால், செருப்பு. வேலூருக்கும் அதையே வைத்துக்கொண்டோம். கடையில் கிடைக்கும் "இந்தியச் சிப்பாய்" பொம்மைகள் பெரும்பாலும் முழுக்கால்சட்டையோடு வருகின்றன. அவற்றின் காலை அறுத்து மறுபடி செய்ய வேண்டியிருந்தது. துப்பாக்கியும் அப்படித்தான். கம்பெனிப் படைகள் வைத்திருந்த இந்தியா பேட்டர்ன் மஸ்கட்டின் குழல் 39 அங்குலம், மொத்த நீளம் சுமார் 55 அங்குலம். நம் அளவில், அதாவது நிஜத்தில் 32இல் ஒரு பங்கில், அது 44 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே வரும், முனையில் மாட்டும் பயோனெட் கத்தியைச் சேர்க்காமல். சிப்பாயின் தோளுக்கு மேல் துப்பாக்கி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தாலே மலிவுப் பொம்மை எது என்று தெரிந்துவிடும்.

வெள்ளைக்காரர் பக்கம் இன்னும் வேடிக்கை. கோட்டைக்குள் இருந்தது 69ஆவது ரெஜிமென்ட். சிவப்புக் கோட்டு, கழுத்துப்பட்டியிலும் கைமடிப்பிலும் பச்சை. அந்தப் பச்சைக்காகவே ஐ.சி.எஃப்.பில் பெயின்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் கலவை போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் உறைத்தது: தாக்கப்பட்டபோது அவர்களில் பெரும்பாலோர் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆக சரித்திரப்படி அவர்களுக்கு உள்சட்டைதான். அண்ணனின் பச்சை வீண்போகாமல் இருக்க ஓர் இடம் கிடைத்தது, அதைச் சொல்கிறேன்.

ஆற்காட்டிலிருந்து 19ஆவது லைட் டிராகூன்ஸ் குதிரைப்படையோடு விரைந்து வந்த வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி, கோட்டைவாசலுக்கு மேலே எஞ்சி நின்ற 69ஆவது ரெஜிமென்ட் ஆட்களைச் சேர வேண்டியிருந்தது. மேலிருந்து கயிற்றோடு ஒரு சார்ஜென்ட்டின் இடைக்கச்சையையும் தொங்கவிட்டார்கள், அதைப் பிடித்துத்தான் ஏறினார். அதிகாரியின் இடைக்கச்சை முழுச் சிவப்புப் பட்டு. சார்ஜென்ட்டுடையது கம்பளி நூல், நடுவில் ரெஜிமென்ட் நிறத்தில் ஒரு கோடு. 69ஆவதுக்கு அந்தக் கோடு பச்சை. இப்போது நம் கோட்டைச் சுவரில் தொங்கும் அந்தக் கச்சையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், நடுவில் முடி அகலத்துக்குப் பச்சைக்கோடு இருக்கும். அண்ணன் அதை ஒற்றை மயிர் பிரஷ்ஷால் இழுத்தார். காட்சி முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

கில்லெஸ்பியை நடுவில் வீரனாக நிறுத்தக் கூடாது என்பதில் எல்லோரும் ஒருமனதாக இருந்தோம். கோட்டையைத் திரும்பப் பிடித்த பிறகு, அரண்மனைக்குள் தஞ்சம் புகுந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அதைப் பொம்மைகளில் அமைக்க வேண்டாம், ஆனால் அறிவிப்புப் பலகையில் எழுதாமல் விடவும் கூடாது என்பது செயற்குழுவின் தீர்மானம்.

சிவப்பு நிறம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இளைஞர்கள் எல்லாக் கோட்டுக்கும் ஒரே டப்பாவைத் திறக்கிறார்கள். அந்தக் காலத்தில் சாதாரணச் சிப்பாயின் துணிக்கு மஞ்சிட்டி வேரிலிருந்து எடுத்த சாயம், அதிகாரியின் துணிக்குக் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சாயம். முதலாவது செங்கல் பக்கம் மங்கலாகப் போகும், இரண்டாவது பளிச்சென்று நிற்கும். பத்து சிப்பாய்களுக்கு நடுவே ஓர் அதிகாரியை நிறுத்தினால் அந்த வித்தியாசம் கண்ணில் பட வேண்டும்.

ஆகஸ்ட்டில் சென்னை தினத்தையொட்டி வேலூர்க் காட்சியைப் பொதுமக்களுக்கு வைத்தோம். கூட்டம் நன்றாகவே வந்தது. வந்த ஆசிரியர் ஒருவர் தம் பள்ளியின் கட்டபொம்மன் காட்சிக்கு நம்மிடம் யோசனை கேட்டார், கொடுத்தோம். போய்ப் பார்த்தால் 1799இன் கம்பெனிப் படையினர் தலையில் ஈட்டிமுனை ஹெல்மெட்டோடும், கையில் மூன்று கோட்டு சார்ஜென்ட் பட்டையோடும் நிற்கிறார்கள். நாடக உடுப்பு வாடகைக்கு விடும் கடையில் இருந்தது அதுதானாம். பிரிட்டிஷ் ராணுவத்தில் உயரமான ஷாகோ தொப்பியே 1800இல்தான் வந்தது, கைக்கோடு 1802இல், அந்த ஈட்டிமுனை ஹெல்மெட் 1878இல். அவ்வளவு ஏன், 1808 வரை வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பின்னந்தலையில் கட்டிய சடை உண்டு. அந்தச் சடையை வைத்திருந்தால் பிள்ளைகள் ஒருவரையும் மறந்திருக்க மாட்டார்கள். இந்த நான்கு வருடங்களையும் சிறு அட்டையாக அச்சடித்திருக்கிறோம். பள்ளிக்குப் போகும் உறுப்பினர்கள் எடுத்துக்கொண்டு போகலாம்.

சேகரிப்புப் பக்கம் இந்த வருடம் கலவையான வருடம். லண்டன் வில்லியம் பிரிட்டன் கம்பெனி 1893இல் உள்ளீடற்ற ஈயப் பொம்மை வார்க்கத் தொடங்கியது. உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் உள்ளதைத் திரும்பக் கவிழ்த்துவிடுவார்கள். எடையும் குறைவு, விலையும் குறைவு. மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி என்றே ஒரு தொகுப்பை அவர்கள் விற்றார்கள் என்பதால் நமக்கு அதன்மேல் ஒரு கண். இந்த வருடம் நம் உறுப்பினர் ஒருவர் அந்தத் தொகுப்பு என்று நம்பிப் பணம் அனுப்பி, நேற்று வார்த்த ஈயக்கட்டிகளைப் பெற்றார். கையில் எடுத்ததுமே கனம் காட்டிக்கொடுத்தது. விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை. வாங்குவதற்கு முன் எடையும், அடிப்பலகையின் படமும் கேளுங்கள். தர மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

அப்புறம் நம் அலமாரி. பழைய ஈயப் பொம்மைகளின் கால்மடிப்பில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதை ஜூனில் கவனித்தோம். துடைத்தால் போகும், ஒரு மாதத்தில் திரும்ப வரும், அதற்குள் கணுக்கால் மெலிந்துவிடும். கடல்காற்று என்று எல்லோரும் சொன்னார்கள். ஈரம் ஒரு பங்கு, சரி. ஆனால் பெரிய குற்றவாளி நாமே ஆசையாகச் செய்த பிளைவுட் அலமாரிதான். பிளைவுட்டும் அதன் பசையும் விடும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் ஈயத்தைத் தின்கிறது. இப்போது எல்லாவற்றையும் இரும்பு பீரோவுக்கு மாற்றி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டிருக்கிறோம். ஷூ வாங்கும்போது வரும் பொட்டலங்களை எறியாமல் கொண்டுவாருங்கள். காசிமேட்டில் வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் நம் உறுப்பினர், உடைந்த கணுக்கால்களைச் சரிசெய்து தந்தார். அவர் வீட்டு மாடியில் நடந்த வார்ப்புப் பயிற்சிக்குப் போனவர்கள், கையைக் கழுவாமல் வடை சாப்பிட்டதற்காக அவரிடம் வாங்கிய திட்டை மறக்க மாட்டார்கள். அவர் திட்டியது நியாயம், ஈயத்தோடு விளையாட்டு வேண்டாம்.

நவராத்திரிக்குக் கோசப்பேட்டை பொம்மைக் கடைகளைச் சுற்றி வந்ததும் நல்ல அனுபவம். கொலுவுக்கு வரும் பேண்டு வாத்திய செட்டிலும் பட்டாள செட்டிலும் உடுப்பு சரியா என்று கேட்பது நியாயமில்லை. அவை கைவினைஞர் கண்ணில் பட்ட பட்டாளம். சங்கத்துக்கு ஒரு செட் வாங்கி, "ஆய்வுக்கு உட்பட்டதல்ல" என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறோம்.

அடுத்த ஆண்டுக்கு இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையை எடுக்கலாம் என்பது செயற்குழுவின் யோசனை. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் அதன் பயிற்சி முகாம் தொடங்கியது. மதராஸைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை தாங்கினார், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். படங்கள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் கறுப்பு வெள்ளை. காக்கி என்றால் எந்தக் காக்கி? அதற்குத் துணி வேண்டும். வடசென்னையில் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் ஏராளம். டிரங்குப் பெட்டியில் பழைய தொப்பி, பெல்ட், சட்டைத் துண்டு, போட்டோ எது இருந்தாலும் சொல்லுங்கள். பொருளைக் கொடுக்க வேண்டாம். நாங்களே வீட்டுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் நிற அட்டையோடு சேர்த்துப் படமெடுத்துக்கொள்கிறோம்.

சந்தா பாக்கி உள்ளவர்கள் பெயரை இந்த வருடமும் வாசிக்கவில்லை, அவர்களுக்கே தெரியும். அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். ஒப்புதல் ஆனதும் தேர்தல். துணைச் செயலாளர் பதவிக்கு இதுவரை ஒருவரும் மனு கொடுக்கவில்லை. பீரோ சாவி அவரிடம்தான் இருக்கும், எனவே வீடு தங்கசாலைக்குப் பக்கத்தில் இருப்பவராக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்