விடிய விடிய ஓட்டாதே, முரளி

அன்புள்ள முரளி,

நலம்தானே? அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கோமதி சொன்னாள், சந்தோஷம். இத்தனை மாதம் எழுதாததற்கு அப்புறம் திட்டிக்கொள், இப்போது விஷயம் வேறு.

நம்ம சேகர் அண்ணன் வேனை உளுந்தூர்பேட்டைப் பக்கம் மீடியனில் ஏற்றிவிட்டார். திருச்செந்தூரிலிருந்து திரும்பும்போது, விடியற்காலை நான்கு மணி இருக்கும். தோள்பட்டை எலும்பு முறிவோடு போயிற்று. ரோட்டில் பிரேக் போட்ட தடமே இல்லையாம். நம் கூட்டத்திலேயே குடிக்காதவர் அவர் ஒருவர்தானே (உன் கல்யாணத்து ராத்திரியைக் கணக்கில் சேர்க்காதே), அவருக்கா இப்படி என்று ஆளாளுக்குத் திருஷ்டி சுற்றச் சொல்கிறார்கள்.

முந்தின நாள் காலை ஆறு மணிக்கு எழுந்த மனுஷன்டா! 17 மணி நேரம் கண் விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் ஏறியவன் அளவுக்குக் கையும் கண்ணும் தடுமாறும் என்று 1997-லேயே ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நம் ஊர்ச் சட்டத்தின் வரம்பு 0.03. ஆக, ராத்திரி 11 மணிக்கே அண்ணன் சொட்டுக்கூடக் குடிக்காமல் வரம்பைத் தாண்டிவிட்டார். குடித்தவனை ஊதச் சொல்லிப் பிடிக்கலாம், தூங்காதவனை எதை வைத்துப் பிடிப்பது? 100 கிலோமீட்டர் வேகத்தில் 4 நொடி கண் சொக்கினால் வண்டி 110 மீட்டர் ஆளில்லாமல் ஓடிவிடும்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் ஓட்டலாம் என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள், ஆனால் அந்தச் சட்டம் ஐந்து பேராவது வேலை செய்கிற இடத்துக்கு என்றுதான் இருந்தது. ஒற்றை வேன் ஓனருக்கு மறுநாள் டிரிப் முக்கியம், கூட்டிப்போன குடும்பத்துக்கு லாட்ஜ் வாடகை மிச்சம். தூக்கத்தை விட்டது மட்டும் டிரைவர்.

சரி, உனக்கு யார் நெருக்கடி? வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து புதுக் காரில் ஒரே மூச்சாக நாகர்கோவிலாமே! பாட்டுப் போடுவேன், கண்ணாடியை இறக்குவேன் என்பாய். அதெல்லாம் ஐந்து பத்து நிமிஷத்துக்குத்தான். காபி வேலை செய்யவே அரை மணி ஆகும். அதனால் கண் எரிந்தால் காபியைக் குடித்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிஷம் தூங்கு. அதைவிட, திருச்சியில் என் வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் போ. உன் குறட்டை எனக்குப் புதிதா என்ன?

பதிலில் ‘சரிடா’ என்று மழுப்பாதே, எத்தனை மணிக்கு வருகிறாய் என்று எழுது. மாவு அரைத்து வைக்கச் சொல்ல வேண்டும்.

உன்,
பாலு