நாரி நோவும் எம்.ஆர்.ஐ. ஸ்கானும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாரி நோ என்றதும் எம்.ஆர்.ஐ. எடுக்க ஓடுவதும், அறிக்கையில் 'டிஸ்க் பிதுக்கம்' (முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் உள்ள தட்டு வெளித்தள்ளுதல்) என்று ஒரு வரி கண்டதும் சத்திரசிகிச்சைதான் என்று வீடே கலங்குவதும் இங்கே வழமையாகி வருகின்றன. அந்த ஒரு வரியை மட்டும் வைத்து எதையும் முடிவெடுக்கக் கூடாது.

நாரி நோவே இல்லாத 98 பேரை ஸ்கான் செய்து பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 1994இல் வெளிவந்தது. அவர்களில் 52 சதவீதமானோருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் பரவலாக உப்பியிருந்தது. 27 சதவீதமானோருக்கு அது ஒரு பக்கமாகப் பிதுங்கியும் இருந்தது. படத்தில் டிஸ்க் கறுத்துத் தெரிந்தால் அதன் நீர்த்தன்மை வற்றியிருக்கிறது என்று பொருள். வயது போகப்போக எல்லோருக்கும் வருவதுதான்.

எனவே படமும் காலும் ஒன்றையே சொல்ல வேண்டும். நாரியில் பிதுங்கும் டிஸ்க்குகளில் மிகப் பெரும்பாலானவை எல்4–எல்5 (நாலாம், ஐந்தாம் நாரி முள்ளெலும்புகளுக்கு இடையே), எல்5–எஸ்1 (ஐந்தாவதற்கும் அதன் கீழுள்ள திருவெலும்புக்கும் இடையே) ஆகிய இரண்டு மட்டங்களிலேயே பிதுங்குகின்றன. முதலாவதில் வழமையாக எல்5 நரம்பு நெருக்குப்படும்; கால் பெருவிரலை மேலே தூக்கும் பலம் குறையும், பாதத்தின் மேற்புறம் விறைக்கும். இரண்டாவதில் எஸ்1 நரம்பு. நுனிக்காலில் நிற்க முடியாது, பாதத்தின் வெளி ஓரம் விறைக்கும். வலி வலது காலில் இருக்க, பிதுக்கம் இடப்பக்கம் தெரிந்தால் அதைக் குற்றவாளியாக்க முடியாது. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கும்போது 30 முதல் 70 பாகைக்குள் வலி முழங்காலுக்குக் கீழே ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சதமும் செலவில்லை. ஸ்கானுக்கு எழுதுமுன் இந்தச் சோதனை கட்டாயம் நடக்க வேண்டும்.

டிஸ்க்கால் வரும் கால் வலி பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தணிந்துவிடும். பெரிதாக வெளித்தள்ளிய துண்டுகள்தான் கூடுதலாகச் சுருங்கிக் கரைகின்றன என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, மலசலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, உட்காரும்போது இருக்கையில் படும் இடம் மரத்தாலோ, இரண்டு கால்களும் பலமிழந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். அப்போது எம்.ஆர்.ஐ. அவசரத் தேவை. காய்ச்சல், காரணமில்லாத உடல் மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தமை ஆகியவற்றோடு வரும் நாரி நோவுக்கும், தானாகத் தணியட்டும் என்று ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது.

எமது மண்ணுக்கென்றே அழுத்திச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. போரில் உடலில் ஏறிய ஷெல் துண்டுகளோடு இன்றும் பலர் வாழ்கிறார்கள். ஷெல் துண்டு பெரும்பாலும் இரும்பு. எம்.ஆர்.ஐ. இயந்திரமோ பலமான ஒரு காந்தம்; ஸ்கான் நடக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் இயங்கிக்கொண்டே இருக்கும். தசைக்குள் தழும்பு மூடிக் கிடக்கும் துண்டு பெரும்பாலும் அசையாது. கண்ணுக்குள், முள்ளந்தண்டு நரம்பருகே, பெரிய குருதிக்குழாயருகே இருக்கும் துண்டு அசைந்தால் விபரீதம். 'சின்னத் துண்டுதானே, எப்பவோ பட்டது' என்று மறைக்காதீர்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்து இடத்தைக் கண்டறிந்து, கதிரியக்க வைத்திய நிபுணரே முடிவெடுக்க வேண்டும். ஆபத்தில்லாத இடமானாலும், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் உள்ள இரும்பு படத்தில் பெரிய கறுப்பு ஓட்டையாக விழுந்து டிஸ்க்கையே மறைத்துவிடும். அப்படியானவர்களுக்கு, காந்தமில்லாமல் எக்ஸ்ரே கதிரால் எடுக்கும் சி.ரி. ஸ்கான் உதவும். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளைக் குருதிக்குழாயில் போட்ட கிளிப் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். தாலிக்கொடியைக் கழற்றத் தயங்கும் அம்மாமாருக்கு: தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் கொடியில் கோத்திருக்கும் ஊசியை இழுக்கும், தங்கமும் படத்தைக் கெடுக்கும்.

ஸ்கானுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். வலியால் நெளிந்தால் படம் மங்கிவிடும். முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் ஸ்கானுக்கு, படத்தில் வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவதற்காகப் போடும் மருந்து ஊசி பொதுவாகத் தேவையில்லை. ஏற்கெனவே சத்திரசிகிச்சை செய்த இடத்தில் தழும்பா, மீண்டும் பிதுங்கிய டிஸ்க்கா என்று பிரித்தறிய அது உதவும்.

வைத்தியர்களிடம் ஒரு வேண்டுகோள். கோரிக்கைப் படிவத்தில் 'நாரி நோ' என்று மட்டும் எழுதாமல் எந்தக் கால், எந்த இடத்தில் விறைப்பு, எத்தனை வாரம் என்று எழுதுங்கள். சிலருக்கு நாரி முள்ளெலும்புகள் ஐந்துக்குப் பதிலாக நாலோ ஆறோ போலத் தெரியும். மட்டத்தை எண்ணுவதில் பிழை வந்தால் சத்திரசிகிச்சையும் பிழையான இடத்தில் நடக்கலாம். அதனால் நோயாளர்கள் பழைய நாரி எக்ஸ்ரேயையும் ஸ்கானுக்குக் கொண்டுபோக வேண்டும். பிலிமோடு, படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள். பிலிமில் சில படங்கள்தான் சிறிதாக அச்சாகும். சத்திரசிகிச்சை நிபுணருக்கு முழுத் தொகுதியும் வேண்டும்.

இப்படிக்கு,
கதிர்ப்படத் துறை சார்ந்த வாசகர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.