கேண்டில் சுவருக்குள்ளே

கும்பகோணம்
ஐப்பசி 12

அன்புள்ள செல்வத்துக்கு,

இங்கே எல்லாரும் நலம். சம்பா மேலுரம் போட மழை இடைவெளி தர மாட்டேன் என்கிறது.

ஸ்பென்ட் வாஷ் (சாராய ஆலைக் கழிவுநீர்) எரிக்கும் உங்கள் பாய்லருக்கு வினையூக்கி ஏற்றிய செராமிக் ஃபில்டர் சரிவருமா என்று கேட்டிருந்தாய். சரிவரும். அந்தச் சாம்பலில் பொட்டாஷ் ஏராளம். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை நீக்க அம்மோனியா தெளிக்கிறோம்; அது வினையூக்கியின் வனேடியத்தில் ஒட்டித்தான் வேலை செய்யும். சாதாரணத் தேன்கூடு வடிவ வினையூக்கியில் பொட்டாஷ் படிந்தால் அம்மோனியா ஒட்ட வேண்டிய இடங்களையெல்லாம் பிடித்துக்கொள்ளும். பிறகு நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே வெளியே போகும். கேண்டிலில், அதாவது செராமிக் ஃபில்டர் குழாயில், வினையூக்கி 2 செ.மீ. தடிமனுள்ள சுவருக்குள் இருக்கிறது, சாம்பல் வெளித்தோலோடு நின்றுவிடுகிறது. உன் பாய்லருக்கு இதை நான் சிபாரிசு செய்வதே இதனால்தான்.

கேண்டில் எண்ணிக்கையில் ஏமாறாதே. மணிக்கு 10,000 நார்மல் கன மீட்டர் (0 டிகிரிக் கணக்கில்) புகை 300 டிகிரியில் 21,000 ஆக விரியும். நிமிடத்துக்கு 1 மீட்டர் வேகம் என்றால் 350 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். 3 மீட்டர் நீளம், 15 செ.மீ. விட்டமுள்ள கேண்டில் ஒன்றுக்கு 1.4 சதுர மீட்டர். ஆக 250 கேண்டில். 180 கேண்டில் போதும் என்று குறைத்தால் வேகம் கூடி, நுண்சாம்பல் துளைகளுக்குள் இறங்கிவிடும்.

ஃபில்டரை எகனாமைசருக்கு (புகைச் சூட்டில் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும் பகுதி) முன்னால் வை. பின்னால் 180 டிகிரிதான் கிடைக்கும். அங்கே அம்மோனியாவும் கந்தக ட்ரையாக்சைடும் சேர்ந்து பிசினாகித் துளையை அடைக்கும். காலையில் பாய்லர் மூட்டும்போதும் 280 தாண்டும்வரை அம்மோனியா பம்பைத் தொடக் கூடாது. ஒரு நார்மல் கன மீட்டர் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு 400 மில்லிகிராம் இருந்து 80 சதவீதம் நீக்க, 25 சதவீத அம்மோனியா நீர் மணிக்குச் சுமார் 5 கிலோ. அதற்குப் பதில் வயல் யூரியாவைக் கரைக்கலாம் என்று யாராவது சொன்னால் விடாதே. 2015 முதல் அது வேப்பெண்ணெய் பூசியது; போதாததற்கு, மானியச் சரக்கு. இந்த மாதத்தில் ஒரு மூட்டைக்குக் காத்திருப்பவர்கள் யார் என்று உனக்கே தெரியும்.

கந்தக டையாக்சைடுக்குச் சமையல் சோடா தூவச் சொல்வார்கள். நன்றாகவே பிடிக்கும். ஆனால் உங்கள் சாம்பல் பொட்டாஷ் உரமாக வயலுக்குப் போகிறது, கூடவே சோடியமும் போகும். கடைமடையில் ஏற்கெனவே உவர் ஏறிக் கிடக்கிறது. நீற்றின சுண்ணாம்பே போடு, அளவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

ஒரு மாதம் ஓடியதும் ஃபில்டரின் மேல் அறையை (சுத்தமான புகை வெளியேறும் பக்கம்) திறந்து டார்ச் அடித்துப் பார். கேண்டில் வாயைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம் தெரிந்தால் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) விட்டிருக்கிறது. அன்றைக்கே அந்த வாயை மூடியால் அடைத்துவிடு. இல்லையென்றால் சாம்பலை உதிர்க்க உள்ளிருந்து அடிக்கும் அடுத்த பல்ஸ் காற்று அந்தச் சாம்பலைப் பக்கத்துக் கேண்டில்களின் உட்பக்கமாகத் தள்ளும். பொட்டாஷ் நேரே வினையூக்கியில் போய் உட்காரும்.

டிராயிங் வந்ததும் அனுப்பு, டக்ட் (புகை போகும் குழாய்) அளவுகளை நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
மூர்த்தி