ஏழெட்டு ஐம்பத்தாறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். திருப்பூரில் மழை என்று டிவியில் சொன்னார்கள், ஹாஸ்டல் மாடியில் ஒழுகவில்லையே?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. "எனக்கு இந்த ஐஐடி ஆன்லைன் படிப்பு சரிப்படாதுப்பா, கட்டின பணத்தைத் திருப்பித் தருவாங்களான்னு கேட்கணும்" என்றாய். அதுகூடப் பரவாயில்லை. "எனக்கு மூளையே அவ்வளவுதான்" என்றாய் பார், அந்த வார்த்தை உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். போனில் சொன்னால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ நாலாவது படித்த வருஷம். நான் பஸ்ஸில் கண்டக்டர் வேலை, காலை ஷிப்ட் முடிந்து, வசூலைக் கட்டிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நீ வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாய். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டேன். 54 என்றாய். மறுபடி கேட்டேன், 48 என்றாய். உன் இடது கை பாவாடைக்குள் இருந்தது. கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் கணுவாகத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்ததும் கோபம் வந்தது. கையை வெளியே இழுத்து, கன்னத்தில் ஒன்று வைத்தேன். பென்சில் உருண்டு வாசல்படி தாண்டிப் போனது. அம்மா வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராத்திரி நீ சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் நீ என் எதிரில் எண்ணியதே இல்லை. கடைக்குப் போனால் கையிலிருக்கிற காசை அப்படியே நீட்டி, அவர்கள் தருகிற மீதியை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு வருவாய். 36 என்பதை 63 என்று எழுதுவாய். பத்தாவதில் கணக்கில் 37 வாங்கினாய், பாஸ் மார்க் 35. நான் தெருவில் யாரிடமும் மார்க் சொல்லவில்லை. அதையும் நீ கவனித்திருப்பாய். பதினொன்றாம் வகுப்பில் கணக்கே இல்லாத குரூப்பாகத் தேடி எடுத்தாய். நான் நம் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டி விட்டுவிட்டேன். அடித்ததைவிட இதுதான் இப்போது எனக்கு அதிகம் உறுத்துகிறது.

இன்னொன்று. இதை உன்னிடம் சொன்னதே இல்லை. 1988-ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை வண்டி. ஒரு நாள் ஒரத்தநாட்டில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். வண்டி முழுக்கக் கூட்டம். இன்வாய்ஸைக் கேட்டார். அப்போது மெஷின் கிடையாது. ஒவ்வொரு விலைக்கும் ஒரு கட்டு டிக்கெட். ஸ்டேஜ் வரும்போது எந்த நம்பரில் நிற்கிறது என்று இன்வாய்ஸில் எழுதி, முடிந்த நம்பரிலிருந்து ஆரம்பித்த நம்பரைக் கழித்தால் எத்தனை டிக்கெட் கிழித்தோம் என்று வரும். 3417-லிருந்து 3389-ஐக் கழிக்க வேண்டும். தினமும் இருபது தடவை செய்கிற வேலை. அவர் பக்கத்தில் நிற்கிறார், வண்டியே என்னைப் பார்க்கிறது, எனக்குக் கண்ணில் எண்ணே தெரியவில்லை. 38 என்று எழுதினேன். பத்து டிக்கெட் வித்தியாசம். கை நடுங்கியது. அந்த மனுஷர் என்னைப் பார்த்து, "தண்ணி குடிச்சுட்டு மறுபடி போடுங்க தம்பி" என்றார். போட்டேன். 28. சரியாக இருந்தது.

பயம் வந்தால் கணக்குக்கு வேண்டிய இடத்தை மனசில் அது பிடித்துக்கொள்ளும். கழிக்கிற எண்ணை ஒரு நிமிஷம் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும், அந்த இடத்தில் "தப்பாகிவிட்டால் என்ன ஆகும்" என்பது வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அன்றைக்கு நடந்தது இதுதான். உனக்குத் திண்ணையில் நடந்ததும், போன வாரம் உன்னோடு படிப்பவர்களோடு வீடியோ காலில் கணக்குப் போட்டபோது நடந்ததும் இதேதான். யாரோ ஒருவர் எனக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்க நேரம் கொடுத்தார். நான் என் பிள்ளைக்கு அதைக் கொடுக்கவில்லை. என்னை மன்னித்துவிடு பாப்பா.

சரி, இப்போது படிப்பு விஷயம். நீ சொன்னதை வைத்து நான் கொஞ்சம் விசாரித்தேன். சென்னை ஐஐடி 2020-ல் ஆரம்பித்த இணையவழிப் படிப்பு, வயது வரம்பு கிடையாது, முதலில் நாலு வாரம் கணக்கு, புள்ளியியல், ஆங்கிலம், கம்ப்யூட்டர் சிந்தனை என்று நாலு பாடம், வாரா வாரம் அசைன்மென்ட், அப்புறம் நேரில் போய் எழுதுகிற தேர்வு. அதில் தேறினால்தான் உள்ளேயே போகலாம். பாட வீடியோக்கள் யூடியூபில் எல்லோருக்கும் கிடைக்கின்றன என்று மேலத்தெருப் பையன் காட்டினான். திங்கள்கிழமையிலிருந்து நானும் பார்க்கிறேன். கணக்கு முதல் வாரம் இயல் எண், கணம் இவற்றில் ஆரம்பிக்கிறது, இரண்டாவது வாரம் நேர்க்கோடு. நீ நின்ற இடம் அது.

நான் மனக்கணக்கில் யாருக்கும் சளைத்தவன் இல்லை என்று உனக்குத் தெரியும். அந்த நேர்க்கோட்டு வீடியோ எனக்கு முதல் தடவை ஒரு வரி புரியவில்லை. பதினோரு தடவை நிறுத்தினேன், எண்ணிக்கொண்டேதான் நிறுத்தினேன். அப்போதுதான் உறைத்தது. நான் முப்பது வருஷம் போட்டது கூட்டல் கழித்தல், அதை வேகமாகப் போட்டேன், அந்த வேகத்தைத்தான் கணக்கு என்று நினைத்து உன்னிடம் கேட்டேன். இரானில் பிறந்த மிர்சாகானி என்ற பெண், 2014-ல் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர், பெண்களில் அவர்தான் முதல். பள்ளியில் ஒரு வருஷம் கணக்கில் அவருக்குச் சரியாக வரவில்லையாம். தன்னை மெதுவாக யோசிக்கிறவள் என்றே அவர் சொல்லிக்கொண்டாராம். பெரிய பெரிய தாள்களைத் தரையில் விரித்துப் போட்டு வரைந்துகொண்டே இருப்பாராம். இதைப் பேப்பரில் படித்தபோது உன் ஞாபகம்தான் வந்தது.

உன்னோடு படிக்கிறவர்கள் வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் பார்க்கிறார்கள் என்றாயே, பார்க்கட்டும். நீ முக்கால் வேகத்தில் வை. அவர்கள் "2" என்று பதில் போடும்போது நீ புள்ளிகளையே எழுதி முடிக்கவில்லை என்றாய். அந்த வீடியோ காலில் உட்காராதே. அது உனக்குத் திண்ணை மாதிரி. தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, எந்த வரியில் நின்றாய் என்று மட்டும் எழுதி அவர்களிடம் கேள். "புரியலை" என்றால் யாராலும் உதவ முடியாது. "மூணாவது வரியில மைனஸ் எப்படி வந்துச்சு" என்றால் சொல்லிவிடுவார்கள்.

நீ செய்த தப்பை நான் பார்த்தேன். இரண்டு புள்ளிகளைச் சேர்க்கிற கோட்டின் ஸ்லோப் கண்டுபிடிக்கிற கணக்கு. கோடு எவ்வளவு ஏறுகிறது என்பதை மேலே போட்டு, பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறது என்பதைக் கீழே போட்டு வகுக்க வேண்டும். 2, 3 ஒரு புள்ளி. 6, 11 இன்னொரு புள்ளி. மேலே 3-லிருந்து 11-ஐக் கழித்தாய், கீழே 6-லிருந்து 2-ஐக் கழித்தாய். அதனால் மைனஸ் 2 வந்தது. இதை இன்வாய்ஸாக நினைத்துக்கொள். மேலே முடிந்த நம்பரிலிருந்து ஆரம்ப நம்பரைக் கழித்தால், கீழேயும் முடிந்ததிலிருந்துதான் ஆரம்பத்தைக் கழிக்க வேண்டும். 11-லிருந்து 3 போனால் 8, 6-லிருந்து 2 போனால் 4. எட்டை நாலால் வகுத்தால் 2. உனக்குத் தெரியாமல் போனது ஒன்றுமில்லை, வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ஸ்லோப் என்ற சொல்லைக் கேட்டே நீ மிரண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். பத்தாவதில் சாய்வு என்று தமிழில் படித்ததுதான் அது. மேலத்தெருப் பையனின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கி வந்தேன், ஐந்தாவது பாடம் ஆயத்தொலை வடிவியல். பாடநூல் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும், இறக்கி வைத்துக்கொள். முதலில் தமிழில் படி, அப்புறம் ஆங்கில வீடியோவைப் பார். ஒரே நேரத்தில் மொழியோடும் கணக்கோடும் மல்லுக்கட்ட வேண்டாம்.

சாய்வு எனக்கு எப்படிப் புரிந்தது தெரியுமா? 2018 ஜனவரியில் கட்டணம் ஏற்றினார்கள் இல்லையா, வெளியூர் சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 42 பைசா இருந்தது, கடைசியில் 58 பைசாவில் நின்றது. 10 கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 80 காசு, 20 கிலோமீட்டருக்கு 11 ரூபாய் 60 காசு. கூடுதல் பணம் 5.80, கூடுதல் தூரம் 10. வகுத்தால் 58 பைசா. அதுதான் சாய்வு. 42 பைசாவுக்கு ஒரு கோடும் 58 பைசாவுக்கு ஒரு கோடும் ஒரே தாளில் வரைந்தேன். இரண்டாவது கோடு நிமிர்ந்து நிற்கிறது. ஜனங்கள் அந்த வாரம் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த முகமெல்லாம் அந்தக் கோட்டில் தெரிந்தது. கூடைக்குத் தனியாக 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எத்தனை கிலோமீட்டர் போனாலும் அந்தப் பத்து அப்படியே இருக்கும். ஒய் சமம் எம் எக்ஸ் கூட்டல் சி என்கிறார்களே, அதில் எம் என்பது சாய்வு, சி என்பது இந்தப் பத்து. நீயும் நீ வேலை பார்க்கிற கம்பெனி விஷயத்தை வைத்து ஒன்று வரைந்து பார். சட்டை பீஸுக்கு எவ்வளவு துணி, கட்டிங்குக்கு எவ்வளவு வீண் என்று தினமும் பார்க்கிறாயே.

வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, நானே போட்டால் வரவில்லை என்றாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பார்த்து முடித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு, அதே கணக்கை வெறும் தாளில் முதலிலிருந்து போட்டேன். எங்கே நிற்கிறதோ அங்கே மட்டும் திறந்து பார்த்தேன். மூன்றாவது தடவை மூடியே போட முடிந்தது. வாய்ப்பாட்டைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டு, பார்த்தே போடு. ஏழெட்டு மறந்தால் ஏழு நாலு 28, அதோடு இன்னொரு 28. விரல் கணுவைத் தொட்டு எண்ணு பாப்பா. யார் எதிரில் வேண்டுமானாலும் எண்ணு.

இன்னொரு விஷயம், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. டிஸ்கால்குலியா என்று ஒன்று இருக்கிறது. புத்தி நன்றாக இருக்கும், எண்ணின் அளவும் வரிசையும் மட்டும் பிடிபடாது. 36-ஐ 63 என்று எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் அது இருக்கிறது என்று அர்த்தமில்லை. உனக்கு இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே அதன் பெயர் இருக்கிறது. சோதித்துச் சொல்கிற மனநல வல்லுநர்கள் இருக்கிறார்கள், பெரியவர்களும் போகலாம். ஒரு அளவுக்கு மேல் இருந்து சான்றிதழ் கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம், மத்திய அரசின் 2018 நெறிமுறையில் மணிக்கு 20 நிமிஷம் என்று இருந்தது. போக வேண்டும் என்று தோன்றினால் சொல், நான் கூட வருகிறேன். வேண்டாம் என்றால் இதோடு விட்டுவிடுவோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்பது உன் இஷ்டம். இந்த நாலு வாரத்தில் தேறாவிட்டாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. யாராவது கேட்டால் மார்க்கைச் சொல்வேன், எவ்வளவாக இருந்தாலும்.

கட்டம் போட்ட நோட்டு இரண்டு வாங்கிக் கூரியரில் போட்டிருக்கிறேன். ஒரு கட்டத்துக்கு ஒரு எண் எழுதினால் வரிசை கலையாது. அம்மா முறுக்கு வைத்திருக்கிறாள், நொறுங்காமல் வந்து சேர வேண்டும்.

நேற்று நானே இரண்டு புள்ளி எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். மைனஸ் 3, 4 ஒன்று. 2, மைனஸ் 6 இன்னொன்று. மூன்று தடவை போட்டும் சாய்வு மைனஸ் 2 என்றுதான் வருகிறது, வரிசையை மாற்றவில்லை. வரைந்து பார்த்தால் கோடு கீழே இறங்குகிறது. தூரம் கூடக் கூடக் கட்டணம் குறைகிற பஸ்ஸை நான் பார்த்ததில்லை, அதனால் இதற்கு என்னிடம் உதாரணம் இல்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிக்கொடு. நோட்டோடு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா